வீடு யாருடையது? கதவு யாருடையது?

(பள்ளத்தூரில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று இங்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வாடகை வீட்டின் சாவியைப் பற்றியதாகும். இதைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரிக்கின்றீர்கள். "கடவுளைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசுகின்றவர்கள் பூட்டுச் சாவியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே" என்று நினைக்கலாம். ஆனால் சுயமரியாதை என்பது மேடையில் மாத்திரம் இருக்கவேண்டிய சாமான் அல்ல. மேடையில் மானத்தைப் பற்றிக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகின்ற ஒருவன், தன் மனைவி மக்கள் உறங்குகின்ற அறைக்குள் இன்னொருவன் கேளாமல் கொள்ளாமல் நுழைவதைக் கண்டும் பல்லைக் காட்டி நிற்பானேயானால், அவன் தட்டிய கைதட்டலுக்கு என்ன மதிப்பு? ஆதலால் இதுவும் நம்முடைய விஷயமேதான்.

நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதை இங்கேயே விட்டுப் போகலாம்.

நடப்பது என்ன?

உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவரையில் பின்கட்டு நீளும்படியாகக் கட்டிய வீடுகள் எத்தனை! பர்மாத் தேக்கில் தூண் நாட்டி, வளவைச் சுற்றி ஆளுக்கோர் அறை வைத்து, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டினார்கள். கட்டினவர்களின் பேரப் பிள்ளைகள் பலர் சென்னையிலும், சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், அமெரிக்காவிலும் இருக்கின்றார்கள். சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் ஒரு பகுதியைக் குடிக்கூலிக்கு விட்டிருக்கின்றார்கள். பெரிய வீடுகளைத் தவிர, காரைக்குடி வரையில் சிறு வீடுகளிலும் மாடிகளிலும் வாடகைக்கு இருக்கின்ற ஆசிரியர், கடைச் சிப்பந்தி, நர்சு, கொத்தனார், கல்லூரிப் பெண்கள் ஆகியோர் எத்தனையோ பேர்.

இவர்கள் படுகின்ற பாடு என்ன? வீட்டுக்காரர் இரண்டாவது சாவி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்கின்றார். வாடகைக்கு இருப்பவர் வேலைக்குப் போயிருக்கும்போது கணக்குப்பிள்ளையோ காவல்காரரோ திறந்து பார்த்துவிட்டுப் போகின்றார். வாங்க வருகின்றவருக்கு வீட்டைக் காட்டுவதென்றால் சொல்லாமலே நாலு பேரை அழைத்துக்கொண்டு உள்ளே வருகின்றார். குடும்பப் படைப்பு வந்தாலும், கலியாணம் வந்தாலும், கோயில் திருவிழா வந்தாலும், "இரண்டு நாளைக்கு ஒதுங்கிக்கொள்ளுங்கள்" என்று முதல் நாள் மாலையில் சொல்லி அனுப்புகின்றார்கள். வளவில் இரண்டு அறையையும் சாமி அறையையும் தங்கள் பொறுப்பில் பூட்டி வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் போகின்ற சாக்கில் வீடு முழுவதையும் சுற்றி வருகின்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாம் முன்பு ஓர் ஊரில் வாடகைக்கு இருந்த காலத்தில் அந்த வீட்டுக்காரர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே வருவார். ஓட்டைப் பார்க்க வந்தேன் என்பார். ஆனால் அவர் கண் ஓட்டின்மேல் இராது, அடுப்பின்மேல் இருக்கும். சட்டியில் மீனா, கறியா என்று பார்ப்பதுதான் அவர் செய்த மராமத்து! சில வீடுகளில் பெண்கள் தூரமாக இருக்கும் நாளில் எங்கே உட்கார்ந்திருக்கின்றார்கள் என்று பார்க்க வருகின்றார்கள். தனியாக வாழும் பெண்ணின் வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்று கணக்கெடுக்க வருகின்றவர்களும் உண்டு. காலால் நுழைய வெட்கப்படுகின்றவர்கள், குடித்தனக்காரர் வாசலை நோக்கிக் கேமராவை மாட்டி வைத்துக் கண்ணால் நுழைகின்றார்கள்.

கேட்டால் வருகின்ற பதில் ஒன்றேதான்: "என் வீடு. நான் வருவேன். உனக்கென்ன?"

விற்றது எது? வைத்துக்கொண்டது எது?

தோழர்களே! இந்த "என் வீடு" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மந்திரத்தை உடைத்துப் பொருள் பார்ப்பது நமக்கு வழக்கந்தானே!

இந்தச் செட்டிநாட்டாருக்கு வட்டிக் கணக்கைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைக்கொண்டே கேட்கின்றோம். ஒருவர் இன்னொருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வட்டிக்குக் கொடுக்கின்றார். பணம் யாருடையது? கொடுத்தவருடையதுதான். ஒரு நாள் திருப்பித் தரத்தான் வேண்டும். ஆனால் கொடுத்தவர் தினந்தோறும் வாங்கினவர் வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, "என் பணம் பத்திரமாக இருக்கின்றதா என்று எண்ணிப் பார்க்கின்றேன்" என்றால் ஊர் ஒப்புமா? "வட்டி வாங்குகின்றீரல்லவா, தவணை வரையில் பெட்டியைத் தொடாதீர்" என்றுதானே பஞ்சாயத்தார் சொல்லுவார்கள்? வட்டி எதற்காக? தவணைக் காலம் வரையில் அந்தப் பணத்தை அவன் தன் விருப்பப்படி ஆளுவதற்காக. அதுபோலவே வாடகை எதற்காக? அந்தக் காலம் வரையில் அந்த வீட்டை அவன் ஆளுவதற்காக. மாதம் ஆறாயிரம் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, விற்ற சரக்கைத் தினமும் வந்து திரும்ப எடுத்துக்கொள்வது என்ன வியாபார நாணயம்?

பாங்கியில் நகைப் பெட்டி வாடகைக்கு எடுக்கின்றீர்கள். இரும்புப் பெட்டி பாங்கியினுடையது, கட்டடமும் பாங்கியினுடையது. ஆனாலும் உங்கள் சாவி இல்லாமல் மானேஜர் அதைத் திறந்து உங்கள் சங்கிலியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் சும்மா இருப்பீர்களா? நகை வைத்த பெட்டிக்கு இருக்கின்ற மரியாதை, மனிதர் வாழ்கின்ற வீட்டுக்கு இல்லையென்றால் அது என்ன நாகரிகம்?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான்: வீடு அவருடையது என்பது உண்மை. வாடகை வாங்குகின்ற காலம் வரையில் கதவு உங்களுடையது என்பதும் உண்மை. சுவருக்குச் சொந்தக்காரர், சுவருக்குள் வாழும் வாழ்வுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார்.

சட்டம் என்ன சொல்லுகின்றது?

இது ஏதோ நம்முடைய புதுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில், வாடகை கட்டி ஒப்பந்தப்படி நடப்பவன் தன் காலம் முடியும்வரையில் இடையூறின்றி அந்தச் சொத்தை வைத்துக்கொள்ளலாம் என்று 108-ஆவது பிரிவில் எழுதப்பட்டது. அதே பிரிவில், சொந்தக்காரரும் அவர் ஆட்களும் நியாயமான வேளைகளில் வந்து சொத்தின் நிலைமையைப் பார்வையிடக் குடித்தனக்காரர் இடந்தர வேண்டும் என்றும் இருக்கின்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். வீட்டுக்காரர் இரண்டாவதை மாத்திரம் படிப்பதும், நாம் முதலாவதை மாத்திரம் படிப்பதும் யோக்கியமல்ல.

நமது தமிழ்நாட்டின் கதையைக் கேளுங்கள். உலகப் போரின் காலத்தில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியதால் வாடகைக்குக் கட்டுப்பாடு வந்தது. 1946-இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு வாடகைச் சட்டம், 1949-இல் இன்னொன்று, 1960-இல் மற்றொன்று என்று வந்தன. இந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக நகரப் பகுதிகளுக்கென 2017-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருந்து வருகின்றது. நில உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம் அது. அதன் 17-ஆவது பிரிவைத்தான் இன்று நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அது சொல்லுவது என்ன? வீட்டுக்காரரோ அவருடைய மேலாளரோ வாடகை வீட்டுக்குள் வரவேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். ஏன் வருகின்றார், எந்த நாள் வருகின்றார், எந்த நேரத்தில் வருகின்றார் என்பதை அதில் குறிக்கவேண்டும். காரணமும் மனம்போனபடி இருக்க முடியாது. பழுது பார்ப்பதற்கு வரலாம்; வீடு குடியிருக்கத் தக்க நிலையில் இருக்கின்றதா என்று பார்ப்பதற்கு வரலாம்; ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்ட வேறு நியாயமான காரணத்துக்காக வரலாம். அவ்வளவுதான். சட்டியில் மீன் வேகின்றதா என்று பார்ப்பது இந்த மூன்றில் எதில் சேரும்? மத்திய அரசு 2021-இல் மாநிலங்களுக்கென வகுத்த மாதிரிச் சட்டம் இன்னும் ஒரு படி போய், சூரியன் உதிக்கு முன்னும் அடைந்த பின்னும் நுழையலாகாது என்கின்றது. தீ, வெள்ளம், புயல் போன்ற ஆபத்து வந்தால் மாத்திரம் முன்னறிவிப்பு வேண்டாம் என்கின்றது. அது மாதிரிதான், என்றாலும் நியாயம் எந்தப் பக்கம் போகின்றது என்பதைக் காட்டுகின்றது.

தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது ஆகிய வேலைகளையும் இச்சட்டம் தடுக்கின்றது. அப்படிச் செய்தால் வாடகை அதிகார அமைப்பிடம் மனுக்கொடுத்து உடனே திரும்பப் பெற உத்தரவு கேட்கலாம். அந்த அதிகாரி துணை ஆட்சியர் தரத்துக்குக் குறையாதவராக இருக்கவேண்டும்.

"வீட்டுக்காரர் தன் வீட்டில் நுழைவது எப்படிக் குற்றமாகும்?" என்று சிலர் கேட்கலாம். 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தைப் பாருங்கள். அத்துமீறி நுழைதல் என்ற குற்றத்துக்கு அது "இன்னொருவரின் சொந்தச் சொத்து" என்று இலக்கணம் சொல்லவில்லை. "இன்னொருவரின் அனுபோகத்தில் உள்ள சொத்து" என்றுதான் சொல்லிற்று. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவும் அதையே சொல்லுகின்றது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை தரவோ எண்ணி ஒருவர் அனுபோகத்தில் உள்ள வீட்டில் நுழைந்தால், அதற்கு ஓராண்டு வரையில் சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ உண்டு. வெறுமனே நுழைந்ததே குற்றமாகாது. கெட்ட எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் "சொந்தக்காரன்" என்ற ஒரே சொல் அவருக்குக் கேடயமாகாது.

பூட்டை மாற்றிச் சாமான்களைத் தெருவில் வீசினால்? 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம், 6-ஆவது பிரிவின்படி, சட்ட முறைப்படியன்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, எதிரி சொந்தக்காரரே ஆனாலும், மீண்டும் குடியேற உத்தரவு பெறலாம். வாடகைக் காலம் முடிந்துவிட்டாலும் ஒருவரை நீதிமன்றத்தின் வழியாக அன்றிக் கைப்பலத்தால் வெளியேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. மனிதனின் அந்தரங்கம் அவனது அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து 2017-இல் ஒரே குரலில் கூறியிருக்கின்றார்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

சட்டம் இவ்வளவு இருந்தும் வீட்டுக்காரர் ஏன் தட்டாமல் நுழைகின்றார்? குடித்தனக்காரர் ஏன் எழுந்து நின்று இடுப்பில் துண்டைக் கட்டுகின்றார்? சட்டப் புத்தகம் மாறிவிட்டது. மனப் புத்தகம் மாறவில்லை. அதுதான் காரணம்.

தஞ்சை ஜில்லாவில் பண்ணையாட்களின் குடிசைகள் மிராசுதாரின் மனையில் இருந்தன. மண் மிராசுதாருடையது, ஆகவே குடிசையும் அவருடையது, ஆகவே குடிசைக்குள் இருக்கின்ற ஆளும், அவன் பெண்டு பிள்ளைகளும் அவருடையவர்கள் என்பது அக்காலத்துக் கணக்கு. கூலி கூடக் கேட்டால் மனையைக் காலி செய் என்பது பதில். அந்தக் கணக்கை உடைக்க 1961-இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமும், 1971-இல் அந்தக் குடியிருப்பை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டமும் வேண்டியிருந்தன. ஏழையின் குடிசைக்கும் கதவு உண்டு, அந்தக் கதவுக்கு மரியாதை உண்டு என்று ஒப்புக்கொள்ள நமது நாட்டுக்கு அவ்வளவு காலம் ஆயிற்று!

இடம் கொடுத்தவன் எஜமான், இடம் வாங்கினவன் அடிமை என்ற அந்தப் பழைய எண்ணத்தின் வால்தான் இன்றைய இரண்டாவது சாவி. கொரோனா நோய் பரவிய 2020 மார்ச்சு மாதத்தை மறந்துவிட்டீர்களா? நோயாளிகளைக் காப்பாற்றிய டாக்டர்களையும் நர்சுகளையுமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். டில்லி அரசு அதற்கெதிராக உத்தரவு போடவேண்டி வந்தது. படித்த டாக்டருக்கே அந்தக் கதி என்றால், கொத்தனாருக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் சொல்ல வேண்டுமா?

இதில் அதிகம் அவதிப்படுகின்றவர்கள் பெண்கள்தான். ஆண்பிள்ளை காலையில் வெளியே போய்விடுகின்றான். குளித்துவிட்டுத் தலை துவட்டுகின்ற நேரத்தில் பின்கட்டுக் கதவு திறக்கின்ற சத்தம் கேட்டு நடுங்குகின்றவள் அவள்தான். "வீட்டுக்கார அய்யா, நம்ம அப்பா மாதிரி" என்று சொல்லி அவள் வாயை அடைக்கின்றார்கள். அப்பா மாதிரியாக இருந்தால் கதவைத் தட்டிவிட்டு வரட்டுமே! பெற்ற அப்பனும் வளர்ந்த மகளின் அறைக்குள் தட்டிவிட்டுத்தானே போகவேண்டும்?

வீட்டுக்காரர் பக்கத்து நியாயம்

நாம் ஒருதலையாகப் பேசுகின்றோம் என்று சொல்ல இடமில்லாதபடி, மறுபக்கத்தையும் பார்ப்போம். பழைய வீடு, ஓடு ஒழுகினால் உத்திரத்தில் தண்ணீர் இறங்கும், கரையான் ஏறினால் தேக்கும் நில்லாது, மின்கம்பி பழுதானால் வீடு முழுவதும் எரியும். அதைப் பார்க்க வருகின்றவரைத் தடுத்து, "என் அனுபோகம்" என்று கதவைச் சாத்துகின்ற குடித்தனக்காரர் நாணயஸ்தர் அல்ல. வாடகையை மூன்று மாதம் நிறுத்திவிட்டு உரிமை பேசுகின்றவரும் அப்படியே. கட்டடத்தின் பெரும் பழுதும் சுண்ணாம்பு அடிப்பதும் சொந்தக்காரர் பொறுப்பு; குழாய் வாசர், சுவிட்சு போன்ற சில்லறைப் பழுது குடித்தனக்காரர் பொறுப்பு என்று, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டாலன்றி, சட்டமே பிரித்து வைத்திருக்கின்றது.

படைப்பு நடத்துவது, சாமி கும்பிடுவது பற்றி நமக்கிருக்கும் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். ஒருவர் தம் முன்னோரின் வீட்டில் ஆண்டுக்கொரு நாள் கூடவேண்டும் என்று விரும்பினால், அதைக் குடிவைக்கும்போதே சொல்லிப் பத்திரத்தில் எழுதட்டும். எந்த அறை, எத்தனை நாள், எவ்வளவு முன்னதாகச் சொல்லுவது, அந்த நாட்களுக்கு வாடகையில் எவ்வளவு கழிவு என்று எழுதிவிட்டால் சண்டை எங்கே? முன்னோருக்குச் செய்யும் மரியாதைக்காக உயிரோடு இருக்கின்றவரை அவமரியாதை செய்யவேண்டுமா?

வீட்டுக்காரர்களே! உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் மகனும் மகளும் இன்று எங்கே இருக்கின்றார்கள்? சென்னையிலும், பெங்களூரிலும், இலண்டனிலும் பலர் வாடகை வீட்டில்தானே இருக்கின்றார்கள்? இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டின் நிலையைப் பார்க்க வருகின்ற சொந்தக்காரர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும். ஜெர்மனியில் வாடகைக்கு இருப்பவரின் குடியிருப்பு உரிமைக்கே சொத்துரிமைக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 1993-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. அங்கே ஒரு வெள்ளைக்காரன் உங்கள் மகளின் அறையைச் சாவி போட்டுத் திறந்து, "என் வீடு, வந்தேன்" என்றால் உங்கள் இரத்தம் கொதிக்குமா, கொதிக்காதா? அந்தக் கொதிப்பில் கால் பங்கு இங்கேயுள்ள இன்னொருவர் மகளுக்காக இருக்கட்டும் என்றுதான் கேட்கின்றோம்.

செய்யவேண்டியது என்ன?

குடித்தனக்காரத் தோழர்களே! முதலாவது, வாய்ப் பேச்சில் குடியேறாதீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதியவும் வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே வெளியேற்றுவதற்குக் காரணமாகக் காட்ட 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கின்றது என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, சாவியைப் பற்றி அதிலேயே எழுதுங்கள். இரண்டாவது சாவி யாரிடம், எந்த ஆபத்துக்கு அதை எடுக்கலாம், பூட்டிய அறைகளுக்கு அவர் எப்போது வரலாம் என்று வரி வரியாக இருக்கட்டும்.

மூன்றாவது, வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத கை நீதிமன்றத்தில் வெறுங்கை.

நான்காவது, சொல்லாமல் வந்தால் வாசலில் நின்று மரியாதையாகச் சொல்லுங்கள்: "அய்யா, ஆச்சி, நாளைக்கு எந்த நேரம் வேண்டுமோ அதை ஒரு வரி எழுதி அனுப்புங்கள், நாங்கள் வீட்டில் இருந்து திறந்து காட்டுகின்றோம்." கைப்பேசியில் எழுதியதையும் அழிக்காமல் வையுங்கள். சண்டை வேண்டாம்; கெஞ்சலும் வேண்டாம். மீண்டும் மீண்டும் நுழைந்தால் நாள், நேரம் குறித்து வைத்து அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள்.

ஐந்தாவது, தனியாக நிற்காதீர்கள். ஒரு தெருவில் பத்துக் குடித்தனம் இருந்தால் பத்துப் பேரும் ஒரே மாதிரி ஒப்பந்தம் கேளுங்கள். ஒருவன் கேட்டால் "திமிர் பிடித்தவன்" என்பார்கள்; பத்துப் பேர் கேட்டால் "வழக்கம்" என்பார்கள். உலகத்தில் எல்லா வழக்கமும் இப்படித்தான் உண்டாயிற்று.

"இதையெல்லாம் கேட்டால் வீடு கிடைக்காதே" என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கின்றார். அந்தப் பயம் நியாயமானதுதான். வீட்டுக்கு அலைகின்ற ஏழையிடம் சட்டப் பிரிவைக் காட்டுவது பசித்தவனிடம் சமையல் புத்தகத்தைக் காட்டுவதுபோலத்தான். அதனால்தான் பத்துப் பேர் சேர வேண்டும் என்கின்றோம். அதனால்தான் இந்த ஊரில் சொந்த வீடு உள்ள தோழர்கள் முதலில் நடந்து காட்டவேண்டும் என்கின்றோம். இக்கூட்டத்தில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் சிலர் இருக்கின்றீர்கள். நாளைக் காலையில் உங்கள் குடித்தனக்காரர் வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டி, வெளியே நின்று, "இனிமேல் சொல்லிவிட்டுத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். இதற்குக் காசு செலவில்லை. சுவரில் ஒரு கல்லும் குறையாது. ஆனால் உள்ளே இருக்கின்ற குடும்பம் அன்றைக்குத்தான் முதன்முதலாக நிம்மதியாகத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளும்.